சம்பூரில் எரியாத நிலக்கரி

திருகோணமலைச் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் 99-ஐயும் டீசலால் நிரப்பி, துளி மிச்சமில்லாமல் எரித்தால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறும்? உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவள் நான். அலகு மாற்றம் பழக்குவதற்காக இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுண்டு. ஒரு தாங்கி ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவில் காபனீரொட்சைட்டு வரும். பெருக்கிப் பார்த்தால் 32 இலட்சம் தொன்.

அடுத்த கணக்கு, குடாவுக்கு அக்கரையில் சம்பூரில் கட்டப்படவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்தைப் பற்றியது. முழுத் திறனில் 70 சதவீதத்துக்கு ஓடினால் ஓராண்டில் 300 கோடி அலகு (கிலோவாட்-மணி) மின்சாரம் தரும். நிலக்கரியில் ஒரு அலகு மின்சாரம் எடுக்கும்போது கிட்டத்தட்ட ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஆகவே ஆண்டொன்றுக்கு 30 இலட்சம் தொன் அளவில்.

இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். தன் கடற்படைக்காக வெள்ளைக்காரன் காட்டுக்குள் கட்டிவைத்த அந்த முழுக் குதத் தொகுதியையும் வருடத்துக்கு ஒருமுறை நிரப்பி எரிப்பதற்குச் சமம், அந்த ஒற்றை நிலையம். அதுவும் ஒரு வருடமல்ல. நிலக்கரி நிலையம் கட்டினால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஓடும். 2020 வாக்கில் சம்பூர் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தால், இலங்கை காபன் நடுநிலை அடைவதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிற 2050-இலும் அது எரிந்துகொண்டிருக்கும்.

எரியவில்லை. இந்திய அரசின் மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டுவதாக 2006-இல் உடன்பட்ட அந்த நிலையத்தை, பத்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2016 செப்டெம்பரில் அரசாங்கம் கைவிட்டது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அதை அறிவித்தார்கள். அதே மாதத்தில்தான் பாரிஸ் காலநிலை உடன்படிக்கையையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. மூதூர்ப் பக்கத்துச் சனம் தெருவில் இறங்கியதும், சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் போனதும், பெரிய நாடுகளின் இராசதந்திரக் கணக்குகளும் எல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது. எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் இந்த நாட்டின் காலநிலைச் சரித்திரத்தில் கொழும்பில் எழுதப்பட்ட எந்த ஆவணத்தையும்விட, கொட்டியாரக்குடாக் கரையில் கட்டப்படாமல் போன அந்தக் கட்டடம் பெரியது என்று நான் நம்புகிறேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு நாடு காபன் நடுநிலைக்கு எப்படிப் போகும் என்று எழுதுகிறவர்கள் வழமையாக ஒரு வளைவை வரைவார்கள். வெளியேற்றம் ஏறும், ஓரிடத்தில் உச்சம் தொடும், பிறகு இறங்கும், கடைசியில் வெளிவிடுவதும் உறிஞ்சுவதும் சமமாகும். பாரிஸ் உடன்படிக்கையின் நான்காம் உறுப்புரையே அப்படித்தான் சொல்கிறது: உலகம் முடிந்தளவு விரைவில் உச்சத்தைத் தொடவேண்டும், வளர்முக நாடுகளுக்கு அதற்குக் கூடக் காலம் எடுக்கும், இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் சமநிலை வரவேண்டும்.

இதை வகுப்பில் வரைந்து காட்டியபோது மூதூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், நாங்க இன்னும் ஏறவே இல்லையே. பிறகு எங்கேர்ந்து இறங்குறது?"

எண்களைப் பார்த்தால் அவள் கேட்டது சரி. இலங்கையில் எரிபொருள் எரிப்பதால் வெளியேறும் காபனீரொட்சைட்டு ஆளொருவருக்கு ஆண்டுக்கு ஒரு தொன் அளவில்தான். உலகச் சராசரி நான்கரைத் தொன்னுக்கு மேல். சீனத்தவர் ஒருவருக்கு எட்டுத் தொன் அளவு, அமெரிக்கர் ஒருவருக்குப் பதினான்கு தொன் அளவு. எங்கள் முழு நாட்டுக்கும் சேர்த்தே 2 கோடித் தொன் சொச்சம். அதில் சம்பூர் நிலையம் மட்டும் ஏழில் ஒரு பங்கைக் கூட்டியிருக்கும் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கவேண்டும்.

இறங்கிய நாடுகளின் கதையும் ஒரே மாதிரி இல்லை. பிரித்தானியா 1970-களின் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு சுரங்கங்களை மூடியது, 1990-களில் வடகடல் எரிவாயுவுக்கு மாறியது, தொழிற்சாலைகள் பல வேறு நாடுகளுக்குப் போயின, கடைசியாகக் கடலில் காற்றாலை நட்டது. 1882-இல் இலண்டனில் முதல் நிலக்கரி மின் நிலையத்தைத் தொடங்கிய நாடு, 2024 செப்டெம்பர் 30-ஆம் திகதி கடைசி நிலையத்தை மூடியது. இடையில் 142 ஆண்டுகள். யப்பான் 2013-இல் உச்சம் தொட்டது. சீனா 2030-க்கு முன் உச்சம், 2060-க்கு முன் நடுநிலை என்று 2020 செப்டெம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் அறிவித்தது. 2030-க்கென்று வைத்திருந்த 1,200 கிகாவாட் காற்று, சூரிய மின் இலக்கை 2024-லேயே தாண்டியும்விட்டது. ஆனாலும் அங்கே மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்னும் நிலக்கரிதான். அந்த நிலையங்களில் பெரும்பாலானவை 2000-க்குப் பிறகு கட்டியவை. கடன் அடைபட்டு முடியாத, இன்னும் இருபது வருடம் ஓடக்கூடிய நிலையத்தை யார் மனமுவந்து பூட்டுவார்கள்? அதுதான் சீனாவின் இக்கட்டு. இந்தியா தனக்கு 2070 என்று சொல்லியிருக்கிறது, அதன் காரணமும் கிட்டத்தட்ட இதுவே.

உச்சம் எவ்வளவு உயரம் என்பதை ஆண்டுகள் தீர்மானிப்பதில்லை, கட்டுகிற பொருட்கள் தீர்மானிக்கின்றன. அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, எண்ணெய்க் குழாய், நெடுஞ்சாலை எல்லாம் ஒருமுறை கட்டினால் ஒரு தலைமுறை முழுவதும் நம்மை இழுத்துக்கொண்டு போகும். எங்களைப் போன்ற நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரிய உச்சிக்கு ஏறி, பிறகு பெருஞ்செலவில் இறங்கவேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. தாழ்வான மேட்டோடு திரும்பிவிடலாம். சம்பூரில் நடந்தது அப்படி ஒரு திருப்பம். ஆனால் மேட்டை வெட்டியதோடு வேலை முடியவில்லை. அந்த 300 கோடி அலகு மின்சாரம் யாருக்கோ தேவைப்பட்டதால்தானே அந்தத் திட்டமே வந்தது? அது எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு முழுமையான விடையை இந்த நாடு இன்னும் எழுதவில்லை.

அந்த விடைக்குள் போவதற்கு முன் 2022-ஐப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வருடம் இலங்கையின் வெளியேற்றம் குறைந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோல் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை, பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை. திருகோணமலைக் கரையில் மண்ணெண்ணெய் இல்லாமல் பைபர் வள்ளங்கள் மணலில் கிடந்தன. எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் நகரத்து வீடுகளின் பின்வளவிலும் விறகு அடுப்பு மூட்டினோம். எங்கள் பிள்ளைகள் மெழுகுதிரியில் பரீட்சைக்குப் படித்தார்கள். வரைபடத்தில் கோடு கீழே இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைக் காட்டி எவராவது "இலங்கை உச்சத்தைத் தாண்டிவிட்டது" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இல்லாமையால் வந்த இறக்கம் நிலைக்காது. கையில் காசு வந்த அடுத்த நாளே திரும்ப ஏறும், ஏறத்தான் வேண்டும். அந்த இருட்டில் ஏதாவது ஒரு வழியில் வெளிச்சம் தருகிறேன் என்று யார் வந்திருந்தாலும், அது நிலக்கரியாக இருந்தாலும், சனம் கும்பிட்டு வரவேற்றிருக்கும். அதனால்தான் போதிய மின்சாரம் கொடுக்காத எந்தக் காலநிலைத் திட்டமும் என் கண்ணில் காலநிலைத் திட்டமே இல்லை.

இதற்கு ஒரு வருடம் முன்னால் இன்னொரு பாடம். 2021 ஏப்ரலில் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்தார்கள். நைதரசன் உரம் மண்ணிலிருந்து நைதரசு ஒட்சைட்டாக வெளியேறுகிறது, அது காபனீரொட்சைட்டைவிட 270 மடங்களவு வெப்பத்தைப் பிடிக்கிற வாயு என்பதெல்லாம் உண்மை. ஆனால் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயல் செய்கிறவனுக்கு மாற்றுக் கொடுக்காமல், மண்ணைத் தயார்ப்படுத்த வருடங்கள் கொடுக்காமல் செய்த வேலை அது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் எப்படி விழுந்தது என்று இந்த மாவட்டத்தில் எந்த வீட்டிலும் கேட்கலாம். அதன் பிறகு "பசுமை" என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயி முகத்தைத் திருப்புகிறான். அந்த நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க எத்தனை போகம் ஆகுமோ.

நெல்வயலில் செய்யக்கூடிய நல்ல காரியம் வேறொன்று இருக்கிறது. தொடர்ந்து தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றில் ஒட்சிசன் இல்லாததால் மெதேன் உண்டாகிறது. இடையிடையே வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சினால் மெதேன் பெருமளவு குறையும், தண்ணீரும் மிச்சம், விளைச்சலும் அவ்வளவு குறையாது. ஆனால் தனி விவசாயி நினைத்தால் முடியாது. குளத்து மதகு எப்போது திறக்கும் என்பது போகத் தொடக்கக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்பும் ஒத்துக்கொண்டு முறை வைத்தால்தான் நடக்கும். கொழும்பில் அச்சடித்த இலக்கு கந்தளாய்க் குளக்கட்டில் வந்து நிற்கிற இடம் அது.

மின்சாரத்துக்கு வருகிறேன். பலர் மறந்துவிட்ட ஒரு விஷயம்: 1990-களின் தொடக்கத்தில் இலங்கையின் மின்சாரம் ஏறக்குறைய முழுக்க நீரிலிருந்து வந்தது. 1950-இல் இலக்சபானவில் தொடங்கி, 1980-களில் மகாவலி அணைகள் வரை அப்படித்தான். 1996-இல் மழை பொய்த்தது, நாடு இருண்டது. அந்தப் பயத்தில் டீசல் நிலையங்களுக்கும், பிறகு நுரைச்சோலை நிலக்கரிக்கும் போனோம். 2011-இல் முதல் பிரிவு, 2014-க்குள் மொத்தம் 900 மெகாவாட். அதாவது உலகம் நிலக்கரியை விட்டு வெளியேற யோசிக்கத் தொடங்கிய காலத்தில் நாங்கள் அதற்குள் நுழைந்தோம். அதன் தொடர்ச்சியாகத்தான் சம்பூர் வரவிருந்தது. 2021-இல்தான் இனிப் புதிய நிலக்கரி நிலையம் இல்லை, 2030-இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து, 2050-இல் காபன் நடுநிலை என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்தது.

70 சதவீதத்துக்கு வழி என்ன? வெயில் என்று எல்லோரும் சொல்வார்கள். திருகோணமலையில் வெயிலுக்குக் குறைவில்லை. சம்பூரில் நிலக்கரிக்குப் பதிலாக அதே இரு நாட்டுக் கூட்டு நிறுவனம் 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைப்பதற்கான வேலையை 2025 ஏப்ரல் 5-ஆம் திகதி இரு நாட்டுத் தலைவர்களும் தொடக்கிவைத்தார்கள். எனக்கு அது மகிழ்ச்சி. ஆனால் கணக்கை மறைக்கக்கூடாது. 120 மெகாவாட் சூரிய நிலையம் வருடத்துக்கு 20 கோடி அலகு தரும். நிலக்கரி நிலையம் தந்திருக்கக்கூடியது அதைப்போல் பதினைந்து மடங்கு. வெயில் பகலில் மட்டும், அதுவும் முழுப் பலத்துடன் சில மணித்தியாலங்கள்தான் என்பதால் இந்த வித்தியாசம். 300 கோடி அலகையும் வெயிலில் எடுப்பதானால் 1,800 மெகாவாட் வேண்டும். தரையில் வைத்தால் ஒரு மெகாவாட்டுக்கு நான்கு, ஐந்து ஏக்கர் வீதம் ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் போகும். கூரையில் வைத்தால், வீட்டுக்கு ஐந்து கிலோவாட் என்று 3,60,000 வீடுகள். நாடு முழுவதும் கூரைச் சோலர் ஏற்கனவே 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்பதால் அது எட்டாத எண் இல்லை.

சிக்கல் வேறிடத்தில். இந்த நாட்டில் மின்சாரம் ஆகக்கூடுதலாகத் தேவைப்படுவது மாலை ஆறரைக்குப் பிறகு, விளக்குப் போட்டு, சோறு சமைத்து, மின்விசிறி ஓடுகிற நேரத்தில். அப்போது வெயில் இல்லை. பகலிலோ, அதுவும் ஞாயிற்றுக்கிழமை பகலில், எடுப்பதற்கு ஆள் இல்லாமல் மின்சாரம் குவிகிறது. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி அப்படி ஒரு ஞாயிறு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. குரங்கைப் பற்றியே எல்லோரும் பேசினோம். உள்ளே நடந்தது முக்கியமானது. நீர், நிலக்கரி நிலையங்களில் தொன்கணக்கில் எடையுள்ள சுழலிகள் சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது திடீரென்று கோளாறு வந்தால் அந்தச் சுழற்சியின் சடத்துவம் சில நொடிகள் முழு வலையமைப்பையும் தாங்கிப் பிடிக்கும், அதற்குள் மற்ற நிலையங்கள் ஈடுகொடுத்துவிடும். கூரைச் சோலரில் சுழல்வது எதுவும் இல்லை. அன்று பகல் வலையமைப்பில் வெயில் மின்சாரம் அதிகம், சுழலிகள் குறைவு, ஆகவே தாங்கிப் பிடிக்க ஆளில்லை. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறையும் என்பதால், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரரைக் கேட்டது. கடன் எடுத்துச் சோலர் போட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இது வெயில் மின்சாரத்துக்கு எதிரான வாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தகடு வாங்குவது வழியின் பாதிதான். மற்றப் பாதி, பகல் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுபோகும் மின்கலங்கள். பகலில் தண்ணீரை மேலேற்றி இரவில் கீழே விடும் நீரேற்றுச் சேமிப்பு, மகாஓயாவில் 600 மெகாவாட்டுக்குத் திட்டமிட்டிருக்கிறார்களே, அது. தகட்டு மின்சாரத்தை வலையமைப்புக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வேட்டர்களில், வலையமைப்பைத் தாங்கவும் கூடிய புதிய வகை. வேண்டாத நேரத்தில் ஓடாமல் வெயில் நேரத்தில் ஓடும் குளிரறைகளும் பனிக்கட்டி ஆலைகளும். இவை எதுவும் திறப்பு விழாவுக்கு அழகான படம் தராது. அதனால்தான் பின்தங்குகின்றன என்று நினைக்கிறேன். சம்பூரில் தகடுகளுக்குப் பக்கத்தில் மின்கலமும் சேர்த்து வைத்தால் அந்த 20 கோடி அலகின் மதிப்பே வேறு. மீன்பிடித் துறைமுகங்களில் பனிக்கட்டி பகலில் உறைந்தால் இரவு கடலுக்குப் போகிறவனுக்கு என்ன நட்டம்?

மின்சாரம் மட்டும் சுத்தமானால் போதாது. போக்குவரத்து இங்கே மின்சாரத்துக்கு நிகரான வெளியேற்றக்காரன். 2020-இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள், தனியார் வாகனங்கள் வரிசையாக வருகின்றன. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவில் ஓடும் டீசல் ரயிலை இன்னும் நல்ல ரயிலாக, இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக ஓடவிட்டாலே எத்தனை வான்கள் வீதியில் குறையும். என் கருத்தில் முதலில் மின்சாரத்துக்கு மாறவேண்டியது சொகுசுக் கார் இல்லை. பஸ்ஸும் முச்சக்கர வண்டியும்தான். தினமும் அதிக தூரம் ஓடுகிறவை அவை.

துறைமுகக் கரையிலுள்ள சீமெந்து ஆலையை ஒரு நிமிடம் பார்க்கவேண்டும், ஏனென்றால் நடுநிலைக் கணக்கின் ஓட்டை அங்கே தெரிகிறது. அங்கே கப்பலில் வருகிற கிளிங்கரை அரைத்துச் சீமெந்து ஆக்குகிறார்கள். கிளிரிசிடியா போன்ற மரங்களின் விறகில் மின்சாரமும் எடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் சீமெந்தின் பெரும்பாவம் அரைப்பதில் இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிளிங்கர் ஆக்கும்போது, எரிபொருளை விடுங்கள், கல்லிலிருந்தே ஒரு தொன் கிளிங்கருக்கு அரைத் தொன் அளவு காபனீரொட்சைட்டு கழன்று போகிறது. அது கிளிங்கர் செய்த நாட்டின் கணக்கில் ஏறும். வீடு கட்டுவது நாங்கள். பிரித்தானியாவின் இறக்கத்திலும் இந்த வகைக் கணக்கு கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. எங்கள் ஒரு தொன்னைப் பற்றிப் பேசும்போது நாமும் இதை மறக்கக்கூடாது.

"மிச்சத்தை மரங்கள் உறிஞ்சும்" என்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலங்கையின் நிலத்தில் 29 சதவீதம் அளவில் காடு. அதை 32 சதவீதமாக்குவது இலக்கு. 3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 2 இலட்சம் ஹெக்டேயர் புதிய காடு. வேகமாக வளரும் இளங்காடு ஹெக்டேயருக்கு வருடம் 8 தொன் காபனீரொட்சைட்டு எடுக்கும் என்று தாராளமாக வைத்தாலும் 16 இலட்சம் தொன். 2 கோடியை அது ஈடுசெய்யாது. மரம் வளர்ந்து முதிர்ந்தால் உறிஞ்சும் வேகமும் குறையும். ஆகவே மரம் நடுவதைக் காட்டிப் புகைபோக்கிக்கு அனுமதி வாங்குகிறவர்களை நம்பாதீர்கள். எந்த வழியிலும் நீக்கமுடியாத கடைசி மிச்சத்துக்கு மட்டுமே காடு.

அதற்காகக் காடு சிறியது என்று ஆகாது. தம்பலகாமக் குடாவையும் கிண்ணியாவையும் மூதூர்க் கரையையும் சுற்றி உப்புத்தண்ணீரில் நிற்கிற கண்டல் மரங்களைச் சொல்லவேண்டும். கண்டலின் செல்வம் மரத்தில் இருப்பதைவிட அடியில் கிடக்கும் கரும்சேற்றில் இருக்கிறது. அங்கே ஒட்சிசன் இல்லாததால் விழுந்த இலையும் வேரும் உக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் காபனைப் பூட்டிவைக்கின்றன. பரப்புக்குப் பரப்பு பார்த்தால் தரைக்காட்டைவிடப் பலமடங்கு. வெட்டி இறால் பண்ணையோ வீடோ ஆக்கினால் அந்தப் பூட்டு திறந்துவிடும். புதிதாக நடுவதற்கு முன் இருப்பதை வெட்டாமல் விடுவது மலிவு. 2004 சுனாமிக்குப் பிறகு கண்டலின் அருமையை எங்கள் கரைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் குப்பை கொட்டுகிற இடமாக அது இன்னும் இருப்பதைக் காணும்போது வயிறு எரிகிறது.

இனிச் சம்பூருக்கே திரும்பவேண்டும், ஏனென்றால் மேலே போட்ட எந்தக் கணக்கிலும் வராத ஒன்று அங்கே இருக்கிறது. 2006 ஏப்ரலில் ஷெல்லுக்கும் குண்டுக்கும் பயந்து அந்தச் சனம் ஓடியது. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். அவர்கள் முகாமில் இருக்கும்போதுதான் அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயம், பொருளாதார வலயம், மின் நிலையம் என்று காகிதத்தில் கைமாறின. 2015-க்குப் பிறகுதான் படிப்படியாகத் திரும்பினார்கள். என் பெரியம்மா அந்த முகாமில் இருந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் முற்றத்தில் இருந்து சொன்னார்: "கரி வேணாம் எண்டுதான் மகள் சொன்னனாங்க. வெயிலை வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா இனி எது வந்தாலும் எங்களிட்ட முதல்ல கேக்கட்டும்."

காபன் நடுநிலைக்கான எந்த வரைபிலும் பெரியம்மாவின் இந்த வசனத்துக்கு ஒரு நிரல் இல்லை. ஆனால் அது இல்லாமல் வரைபு நடக்காது. சூரிய மின்சாரம் நிலக்கரியைவிடப் பலமடங்கு நிலம் கேட்கும். காற்றாலை கரையோரம் கேட்கும். மன்னாரில் 2020 டிசம்பரில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பண்ணை திறந்தபோது பெருமைப்பட்டோம். 2025-இல் அதே தீவின் சனம் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இருந்தது. வெள்ளம் வடிகிற வழி, மீன்பிடி, பறவைகளின் பாதை என்று அவர்கள் சொன்ன காரணங்களை "வளர்ச்சிக்கு எதிரானவர்கள்" என்று தள்ளிவிடமுடியாது. எங்கள் வடக்கு, கிழக்கில்தான் காற்றும் வெயிலும் வெறும் நிலமும் இருப்பதாகக் கொழும்பின் வரைபடம் காட்டுகிறது. அந்த வெறும் நிலம் போரால் வெறுமையானது. மாட்டுக்கு மேய்ச்சல் தரையும், விறகுக் காடும், கோயில் வயலும் அதற்குள் இருந்தன. காணிச் சொந்தக்காரருக்கு விற்பனையோடு முடியாத வருடாந்தக் குத்தகை, சுற்றுக் கிராமங்களுக்கு மின்கட்டணத்தில் சலுகை, நிலையத்தின் வருமானத்தில் உள்ளூராட்சிக்கு ஒரு பங்கு என்று எழுத்தில் இருக்குமானால் எதிர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கலாம்.

கடைசியாக, அந்தக் குதங்கள். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 தாங்கிகளை இரு நாட்டு எண்ணெய் நிறுவனங்களும் கூட்டாக மேம்படுத்தப்போகின்றன. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பட்டன. அதில் இந்தியாவிலிருந்து எண்ணெய்க் குழாய் பற்றியும் பேச்சு இருக்கிறது. அதே நாளில் இரு நாட்டு மின்வலையமைப்புகளை இணைக்கும் உடன்பாடும் கையெழுத்தானது. மின்கம்பி இணைப்பை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்; மிஞ்சிய காற்றையும் வெயிலையும் விற்கலாம், இருளும்போது வாங்கலாம், தனித்தீவாக நின்று தடுமாறும் வலையமைப்புக்கு அது பெரும் பிடிமானம். எண்ணெய்க் குழாய் அப்படியல்ல. இன்று போட்டால் 2050-க்கு அப்பாலும் ஓடினால்தான் போட்ட காசு வரும். சம்பூரில் ஒருமுறை எதிர்கொண்ட கேள்வி, இந்த முறை சீனன்குடாவுக்கு வந்திருக்கிறது.

குழாயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே வள்ளமும் பஸ்ஸும் எண்ணெயில்லாமல் ஓடாது, 2022-ஐ அனுபவித்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். நான் கேட்பது இவ்வளவுதான். கையெழுத்தாகும் முன் அந்தத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காபன் கணக்கு வெளியிடப்படவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். எந்த ஆண்டு வரை எண்ணெய், அதன் பிறகு அந்தத் தாங்கிகளும் துறையும் எதற்கு என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். அந்தக் காகிதம் மூதூரிலும் கிண்ணியாவிலும் சீனன்குடாவிலும் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் தொங்கவேண்டும். தொங்கினால், அதை வாசித்துக் கணக்குப் பார்க்க என் வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.